நடுவில் நின்ற ஏழு

இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் முடிந்திருந்தன. செண்பகவல்லி முதலில் கண்டது அதைத்தான். இலக்கங்களைப் படிக்கிற தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. மேடை மேஜையில் பொன்னாடைக் குவியலுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்த பித்தளைத் தகட்டில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, இரண்டும் ஒரே நீளம், அவ்வளவுதான் தெரிந்தது. யார் பார்த்தாலும் லட்சணமாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அடுத்த கணம் கணக்கு உதைத்தது. முப்பத்தொரு இலக்கத்தைத் தகட்டுக் கடைக்காரர் எப்படி இரண்டு சம வரியாகப் பிரித்தார்? கல்லூரி முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லில் நீச்சலடித்துக்கொண்டிருந்தார். மே மாதத்து வெயில் அரங்கத்தின் தகரக்கூரை வழியாக இறங்கி எல்லார் தலையிலும் உட்கார்ந்திருந்தது. கணிதத் துறையில் யார் ஓய்வு பெற்றாலும் கடிகாரமோ குத்துவிளக்கோ கொடுப்பதில்லை, ஒரு பகா எண்ணைக் கொடுப்பார்கள். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதற்கும் மசியாத ஓர் எண். ஓய்வு பெறுகிறவர் பிறந்த வருஷமும் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் அதற்குள் இருக்கவேண்டும். அவர் அதை மேடையில் வாங்கி, பார்த்து, 'பகா எண்' என்று உரக்கச் சொல்வார், துறை மொத்தமும் கைதட்டும். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரே இன்று ஓய்வு பெறுகிற துறைத்தலைவர் ஞானதிரவியம் சார்தான். எண்ணைத் தேடுகிற வேலை இந்த முறை செண்பகவல்லிக்கு, அவருக்கு என்றதும் கொஞ்சம் கூடுதலாக ஆசைப்பட்டுவிட்டாள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோல வருகிற எண்ணாக இருக்கட்டுமே என்று நினைத்தாள். 1965, அடுத்து 1992, அடுத்து கணினி தேடிக்கொடுத்த ஏழு இலக்கங்கள், நடுவில் தன்னந்தனியாக ஒரு 7, பிறகு அதே வரிசை தலைகீழாகத் திரும்பி 5691 என்று முடியும். நடுவில் நிற்கிற அந்த ஏழுக்கு ஜோடி கிடையாது. இருக்கவும் கூடாது. ஜோடி சேர்ந்தால் இலக்கம் முப்பத்திரண்டாகிவிடும். இருபுறமும் ஒன்றுபோல வருகிற எண்ணில் இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் அது பதினொன்றால் வகுபட்டே தீரும். 1221 வகுபடும். 7337 வகுபடும். முழம் முழமாக நீண்டாலும் தப்பாது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, விட்டதையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு இலக்கத்தையும் எதிர்ப்பக்கத்து இரட்டை தின்றுவிடும், மிச்சம் பூஜ்யம். இது இளங்கலை முதலாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். பின்வரிசையில் அந்தப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இல்லை, இடைவெளியைக் கூட்டிக் குறைத்து எழுதியிருப்பார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மேலே பதினாறு, கீழே பதினைந்து, கீழ்வரியைக் கொஞ்சம் இழுத்து மேல்வரிக்குச் சமமாக்கியிருப்பார், கல்யாணப் பத்திரிகையில் செய்வதில்லையா, அதுபோல. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்று, ஒன்பது, ஆறு. அதற்குமேல் மின்விசிறிக் காற்றில் ஒரு பொன்னாடையின் நுனி வந்து தகட்டை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. மறுபடி முதலிலிருந்து. ஆறாவது இலக்கத்துக்கு மேல் எல்லாமே எட்டு மாதிரி தெரிந்தன. நாற்பத்தேழு வயதுக் கண். நாற்பத்தேழு பகா எண்தான், அதனால் என்ன பிரயோஜனம்? நேற்று கடைக்காரர் பிச்சுமணி புகைப்படம் அனுப்பியபோது அவள் பேருந்தில் நின்றுகொண்டு வந்தாள், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைபேசி. தகடு பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள், சார் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், 'ஓகே' என்று அனுப்பிவிட்டாள். எண்ணை எண்ணவில்லை. கணக்கு வாத்தியாரம்மா எண்ணவில்லை! முந்தானைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு 'ரெண்டு வரியும் எப்படி சமமா வந்தது?' என்று தட்டினாள். அவர் எழுத்துக்கூட்டி மல்லுக்கட்டுகிற ஆள் இல்லை, குரல் செய்தியாகத்தான் அனுப்பினார். காதோரத்து முடியை ஒதுக்குகிற பாவனையில் கைபேசியைக் காதில் வைத்தாள். பிச்சுமணியின் குரல் பெருமையோடு வந்தது: "மேடம், நீங்க அனுப்புன நம்பர்ல நடுவுல ஒரு ஏழு மட்டும் ஒத்தையில நின்னுச்சு. மேல பதினாறு, கீழ பதினஞ்சு, பாக்கக் கோரமா இருந்துச்சு. டைப் அடிக்கையில ஒண்ணு விட்டுப்போச்சு போலன்னுட்டு நானே ஒரு ஏழு சேத்து விட்டேன். இப்ப எப்பிடி, கண்ணாடியில பாத்த மாதிரி வந்திருக்குல்லா?" வந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரியே வந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியிலிருந்து பிரேமலீலா, துறையிலேயே இளையவள், எட்டிப் பார்த்து, "என்ன மேடம், இப்பிடி வேர்க்குது? தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். தண்ணீர் குடித்தால் முப்பத்திரண்டு முப்பத்தொன்று ஆகிவிடுமா?

சார் கண்டுபிடித்துவிடுவார். அதில் சந்தேகமே வேண்டாம். இருபது வருஷமாக ஒரே அறையில் எதிரெதிர் மேஜை, அந்த மனிதரை அவளுக்குத் தெரியாதா? பேருந்துச் சீட்டை வாங்கியதும் நடத்துனரிடமே "பதிமூணால வகுபடுது பாத்தியா" என்று கேட்கிறவர். சீட்டு செல்லாது என்கிறாரோ என்று நடத்துனர் பயந்துபோயிருப்பார். தேவாலயத்தில் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டியிருப்பார்கள் இல்லையா, ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து அதைப் பார்த்து மனைவி ரோஸ்லின் அக்காவின் காதில் ஓதுவாராம். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்: "எல்லாரும் பாவமன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காவ, இவுக எங்கிட்ட, இருநூத்தி இருபத்தொண்ணு, பதிமூணு பெருக்கல் பதினேழுங்காவ. ஆண்டவரு கேட்டா என்ன நெனப்பாரு செண்பகம்?" ஒரு தடவை வெளியூரிலிருந்து கருத்தரங்குக்கு வந்த பெரிய மனிதர் பேச்சுவாக்கில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றைப் பகா எண் என்று சொல்லிவிட்டார். சார் இருந்த இடத்திலேயே எழுந்து, "பதினேழு, இருபத்திமூணு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வந்தவர் அன்றைக்குத் தேநீர்கூடக் குடிக்காமல் ஊருக்குப் போனார். தப்பைப் பார்த்தால் சும்மா விட அந்த மனிதருக்குத் தெரியாது. இரக்கமில்லாமல் அல்ல, அரிப்பு மாதிரி, சொறிந்தே ஆகவேண்டும். இன்றைக்கும் தகட்டை வாங்குவார், ஒரு பார்வை பார்ப்பார், ஒலிபெருக்கியில் "எவம்ல இத அடிச்சான்? பதினொண்ணால போகுதே" என்பார், அரங்கம் கொல்லென்று சிரிக்கும். நாளைக்குத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்காரப்போகிறவள் முதல் நாளிலேயே பகு எண்ணைப் பகா எண் என்று கொடுத்தவள் ஆவாள். பிள்ளைகள் அவளுக்குப் 'பதினொன்று' என்று பட்டப்பெயர் வைப்பார்கள். வைக்கட்டும். இப்படியெல்லாம் வரிசையாக நடக்கப்போவதை நினைத்து நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று ஒன்றை உணர்ந்தாள். இது நடந்தால் தேவலை என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஏனென்றால் தை மாதத்தில் முதுகலைப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளிடம் வந்து, சார் நேற்று நடத்திய நிரூபணத்தையே இன்றும் நடத்தினார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். மூன்றாம் நாளும் அதே நிரூபணம், அதே உற்சாகம், அதே இடத்தில் அதே நகைச்சுவை. உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்ப நடத்துகிறார், வெளியே உளறாதீர்கள் என்று அதட்டி அனுப்பினாள். அதற்குப் பிறகு ஒருநாள் மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார், மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல். அவளைப் பார்த்ததும் சிரித்து, "சும்மா காத்து வாங்குதேன்" என்றார். காற்றே இல்லாத இடம் அது. அன்றிலிருந்து அவருடைய வினாத்தாள்களை அவளே தயாரித்தாள், வகுப்பு மணி அடித்தால் பேச்சுக் கொடுத்தபடி கூடவே நடந்து அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள், துறைக் கூட்டத்தில் அவர் ஒருவர் பெயரைத் தேடித் திணறினால் முந்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். யாருக்கும் தெரியாது. ரோஸ்லின் அக்காவுக்கும் அவளுக்கும் மட்டும்தான். போன வாரம் அக்கா கூப்பிட்டாள். குரல் அடங்கிப்போயிருந்தது. "ஃபங்ஷன் முடியட்டும்மா, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுதேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியவேண்டாம். கம்பீரமா இருந்த மனுசன், கம்பீரமா எறங்கி வரட்டும். பேரு மறக்குது, வழி மறக்குது, மருந்து போட்டாச்சா இல்லியான்னு மறக்குது. எண்ணு மட்டும் போகல, அதான் எனக்குத் தைரியம்." பிறகு சொன்னாள்: "ஆனா போன ஞாயித்துக்கெழம பாட்டு நம்பரப் பாத்தாவ, ஒண்ணும் சொல்லல. நானும் காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன் செண்பகம். கடைசி ஜெபம் முடியிற வரைக்கும் காத்திருந்தேன். சொல்லல."

சொல்லவில்லை. அந்த ஒரு சொல் முதல்வரின் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு எண் பகா எண்ணாக இருந்திருக்கலாம், சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். அக்காவிடம் என்ன எண் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை. அல்லது கேட்கப் பயம். பெரிய எண்களில் ஒரு வகை உண்டு. ஒரு சோதனை போட்டுப் பார்த்தால், இது பகு எண், உடையக்கூடியது என்று கணினி அடித்துச் சொல்லிவிடும். எந்த இடத்தில் உடையும், காரணிகள் என்னென்ன என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஆயிரம் கணினிகள் ஆண்டுக்கணக்கில் தேடினாலும் கிடைக்காத எண்கள் இருக்கின்றன. சார் இதை வகுப்பில் சொல்லும்போது கையை விரித்துக் காட்டுவார்: "உடையும்னு தெரியும்ல. எங்கன்னு கேட்டா மட்டும் கம்முனு இருக்கும்." பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது சார் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார், முதல்வர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரிந்தவர்போல லேசாகத் தலையாட்டுகிறார், பார்த்தால் பாறை மாதிரி இருக்கிறார். இந்த முப்பத்திரண்டு இலக்கம் அவ்வளவு மர்மமான ஜாதி இல்லை, பதினொன்று என்று தட்டினால் உடனே உடைகிற மலிவுச் சரக்கு. அவர் இதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால்? முன்வரிசையில் பழைய மாணவர்கள், வெவ்வேறு கல்லூரிகளில் கணக்கு நடத்துகிறவர்கள், கண்கொத்திப் பாம்புகள். இரண்டு வரியும் சமமாக இருப்பதை அவர்களில் ஒருவர் பார்த்தால் போதும். எண் தப்பு என்பது ஒரு நிமிஷச் சிரிப்பு. ஞானதிரவியம் சார் பார்த்தும் தெரியவில்லை என்பது சிரிப்பு இல்லை, அது இன்று மாலைக்குள் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும். எழுந்து போய்த் தகட்டை எடுத்து ஒளித்துவிடலாமா? பின்வாசல் வழியாக மேடைக்குப் போய், எழுத்துப்பிழை, பிறகு தருகிறோம் என்று சொல்லிவிடலாம். காலை ஊன்றினாள். எழவில்லை. ஏன் எழவில்லை? சேலை நாற்காலி ஆணியில் மாட்டியிருக்கிறது என்று பொய்யாகக் குனிந்து பார்த்தாள். உண்மை என்னவென்றால் அவளுக்குத் தெரிந்தாகவேண்டும். அவருக்கு எண் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்தாகவேண்டும். ஒரு மனிதரின் கடைசி நாளை, மாலை போட்டு உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் சோதனையாக நடத்துகிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா? வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாக, அந்த எண் மூன்றாலும் வகுபடுமா என்று மனம் தன் பாட்டுக்குக் கூட்டத் தொடங்கியது. ஒன்றும் ஒன்பதும் ஆறும் ஐந்தும் இருபத்தொன்று, ஒன்றும் ஒன்பதும் ஒன்பதும் இரண்டும் இருபத்தொன்று, அடுத்து அந்த ஏழு இலக்கங்கள். அந்த ஏழும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு வாரம் கூடவே வைத்திருந்த இலக்கங்கள். ஒன்றுகூட வரவில்லை. மறதி என்றால் இப்படித்தான் இருக்குமோ, இருந்த இடம் மட்டும் தெரியும், இருந்தது தெரியாது, அவர் மாடிப்படியில் நின்றபோது உள்ளே இப்படித்தான் இருந்ததோ? "மேடம், கை தட்டுங்க" என்று பிரேமலீலா இடித்தாள். முதல்வர் ஒருவழியாகக் கரையேறியிருந்தார்.

தகட்டை முதல்வர் எடுத்து நீட்டினார். சார் எழுந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அரங்கம் அடங்கியது, இந்த நேரத்தில் அடங்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் தெரியும். மின்விசிறிகள் மட்டும் டக் டக் என்று சத்தம் போட்டன. செண்பகவல்லி அவருடைய கண்களையே பார்த்தாள். அவை மேல்வரியில் இடமிருந்து வலமாகப் போயின, கீழ்வரிக்கு இறங்கின, மறுபடி மேலே வந்தன, நின்றன. புருவம் சுருங்கியதா? சுருங்கிய மாதிரி இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம். சொல்லுங்க சார், என்று அவள் உதட்டுக்குள் சொன்னாள். திட்டுங்க. எவம்ல அடிச்சான்னு கேளுங்க. என் மானம் போனால் போகட்டும், கப்பலேறிப் போகட்டும், சொல்லிவிடுங்க. அவர் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார். "இந்த எண்ண எனக்குத் தேடித் தந்தது நம்ம..." என்று ஆரம்பித்தவர் நின்றார். நேராக அவளைப் பார்த்தார். இருபது வருஷம் எதிர்மேஜையில் பார்த்த முகத்தை அன்போடுதான் பார்த்தார், ஆனால் அந்த முகத்துக்குரிய பெயர் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மற்ற நாட்களென்றால் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்திருப்பாள். தன் பெயரைத் தானே எப்படி எடுத்துக் கொடுப்பது? மேடையோரத்தில் ரோஸ்லின் அக்கா மடியில் கிடந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம துறை" என்று சார் முடித்தார். "நம்ம துறைக்கு நன்றி." அதை அடக்கம் என்று நினைத்துச் சிலர் தலையாட்டினார்கள். பிறகு அவர் நிமிர்ந்து, வகுப்பில் பேசுகிற அதே கனத்த குரலில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார்: "பகா எண்."

அரங்கம் தட்டியது. பின்வரிசைப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். பிரேமலீலா எழுந்து நின்று தட்டினாள். செண்பகவல்லியின் கைகள் மடியிலேயே கிடந்தன. போய்விட்டது. பெயரும் போய்விட்டது, எண்ணும் போய்விட்டது. அக்காவிடம் என்ன சொல்வது, சொல்லாமல் இருப்பதா, அக்காவே கேட்டால் பொய் சொல்வதா என்று மனம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அழக்கூடாது, புகைப்படக்காரர் வேறு மேடைக்கு ஏறிவிட்டார். அக்காவைக் கூப்பிட்டு சார் பக்கத்தில் நிறுத்தினார். தகட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். சார் பிடித்தார். புகைப்படக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சார், இடது பெருவிரலக் கொஞ்சம் எடுங்க. மேல் வரியில கடைசி நம்பர மறைக்குது." சார் அசையவில்லை. "மறைக்கட்டும்டே. நீ எடு." "இல்ல சார், ஒரு நம்பர் கொறையுது, அப்புறம் ஆல்பத்துல பாத்துட்டு என்னையத்தான் சொல்லுவீங்க." "கொறையணும்ல. அப்பிடியே எடு." அக்கா தகட்டின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. முதல்வர் வந்து நின்றார், பழைய மாணவர்கள் வரிசை வரிசையாக வந்து நின்றார்கள், படத்துக்கு மேல் படம் எடுத்தார்கள், பெருவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல்வரியில் கடைசியாக நிற்கிற ஏழின்மேல், பிச்சுமணி அழகுக்காகச் சேர்த்துவிட்ட அந்த ஏழின்மேல். மேலே பதினைந்து, கீழே பதினாறு. முப்பத்தொன்று. அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினொன்று தெரிந்திருக்கிறது, எது அதிகம் என்று தெரிந்திருக்கிறது, எதிர்மேஜைக்காரியின் பெயர் மறந்துபோனாலும் அவள் இரட்டைப்படையில் எண் தரமாட்டாள் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆயுள் முழுக்க ஒரு தப்பையும் விடாத மனிதர், எல்லார் முன்னாலும் இதை விட்டுக்கொடுத்துவிட்டு, விரல் வலிக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரங்கம் தட்டி ஓய்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது, பாதிப் பேர் சமோசாவுக்கு எழுந்துவிட்டார்கள். செண்பகவல்லி எழுந்து நின்று தன்னந்தனியாகக் கைதட்டினாள்.